பத்தோடு பதினொன்றாக நிற்காமல் இருக்க: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

ஒரு தாளை எடுத்து, "என்னிடம் ஏன் வர வேண்டும்?" என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் எழுதுங்கள். கடை வைத்திருந்தாலும் சரி, வேலை தேடிக்கொண்டிருந்தாலும் சரி, வீட்டிலிருந்தபடி தனியாகத் தொழில் செய்தாலும் சரி. எழுதியாயிற்றா? இப்போது அந்த வரியில் உங்கள் பெயரை அடித்துவிட்டு, உங்களோடு போட்டியில் இருக்கும் ஒருவரின் பெயரை எழுதிப் பாருங்கள். வரி அப்படியே பொருந்துகிறதா? பொருந்தினால் அது உங்கள் தொழிலைப் பற்றிய வரி. உங்களைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை.

நான் மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில் என் அறிமுகக் கடிதத்தில் "தரமான மொழிபெயர்ப்பு, குறித்த நேரத்தில், நியாயமான கட்டணத்தில்" என்று எழுதியிருந்தேன். எத்தனையோ இடங்களுக்கு அனுப்பியும் பதில் வரவில்லை. ஒரே ஒருவர் மட்டும் போனில் கூப்பிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "இதே வாரத்தில் இதே மாதிரி இன்னும் ஆறு கடிதம் வந்தது. எது யாருடையது என்றே எனக்குப் புரியவில்லை." அன்றைக்கு மனசு வலித்தது. ஆனால் அதைவிடப் பயனுள்ள பேச்சு எனக்கு அந்த வருடத்தில் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் செய்து பார்த்ததும், மற்றவர்கள் செய்து பார்த்ததைப் படித்துத் தெரிந்துகொண்டதும்தான் கீழே இருப்பவை. வரிசையாகச் செய்து பாருங்கள். முதல் சில படிகளுக்குப் பேனாவும் தாளும் போதும்.

எல்லோரும் ஏன் ஒன்றுபோல் ஆகிறோம்

இதை முதலில் புரிந்துகொள்வது நல்லது. ஒன்றுபோல் ஆவது சோம்பேறித்தனத்தால் மட்டும் நடப்பதில்லை. நன்றாகக் கணக்குப் போட்டு யோசிக்கிறவர்களுக்கும் நடக்கிறது.

ஹெரால்ட் ஹோட்டலிங் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1929-இல் இதை விளக்கினார். எளிமையாகச் சொன்னால் இப்படி: நீளமான ஒரு தெரு. தெரு நெடுகச் சீராக வீடுகள். ஒரே பொருளை விற்கும் இரண்டு கடைகள். யாருக்கு எது பக்கமோ அங்கே போய் வாங்குவார்கள். மக்களுக்கு எது வசதி? ஒரு கடை தெருவின் கால் பங்குத் தூரத்திலும் இன்னொன்று முக்கால் பங்குத் தூரத்திலும் இருந்தால் யாரும் அதிகம் நடக்க வேண்டாம். ஆனால் முதல் கடைக்காரர் கொஞ்சம் நடுப்பக்கமாக நகர்ந்தால், தன் பக்கத்து ஆட்களை இழக்காமலேயே எதிர்க்கடைக்குப் போகிறவர்களில் சிலரையும் பிடித்துவிடலாம். அவர் நகர்கிறார். அதைப் பார்த்து மற்றவரும் நகர்கிறார். கடைசியில் இரண்டு கடைகளும் தெருவின் நட்டநடுவில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. பொருளின் தன்மையில் தொடங்கி அரசியல் கட்சிகளின் கொள்கை வரைக்கும் இதே இழுப்பு இருக்கிறது என்று அவர் எழுதினார்.

இதில் யாரும் தப்பாக யோசிக்கவில்லை. ஒவ்வொரு நகர்வும் அந்தந்த நேரத்தில் லாபமாகத் தெரிந்த நகர்வுதான். நாமும் இப்படித்தான் செய்கிறோம். அவர் ஒரு வசதியைச் சேர்த்தால் நாமும் சேர்க்கிறோம். அவர் விளம்பரத்தில் ஒரு வார்த்தை போட்டால் நாமும் போடுகிறோம். அப்புறம் ஒருநாள் யார் யாரென்றே தெரியாமல் போகிறது. அந்தத் தெருவின் இரண்டு கோடிகளிலும் இருப்பவர்களை நினைத்துப் பாருங்கள். அதிக தூரம் நடப்பது அவர்கள்தான். அவர்களைப் பற்றிக் கவலைப்பட ஆளில்லை. புதிதாக வருகிற உங்களுக்கு இடம் காலியாக இருப்பது அந்தத் தெருக்கோடியில்தான்.

பத்துப் பேரைப் படியுங்கள்

உங்கள் தொழிலில் இருக்கும் பத்துப் பேரைத் தேர்ந்தெடுங்கள். அவர்களுடைய விளம்பரம், பெயர்ப்பலகை, இணையப் பக்கம், வாடிக்கையாளர்கள் எழுதிய கருத்துகள் எல்லாவற்றையும் ஒரு வாரம் உட்கார்ந்து படியுங்கள். தாளில் மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்தியில், பத்துப் பேரில் பெரும்பாலோர் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. "பல வருட அனுபவம்", "வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் நோக்கம்" போன்ற வரிகள் அங்கே குவியும். இவற்றை இனி நீங்கள் எழுத வேண்டாம். இரண்டாவது பத்தியில், வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்பக் குறைப்படுவது. மூன்றாவதில், அந்தக் குறையைத் தீர்க்கிறேன் என்று யாராவது வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்களா என்பது.

இரண்டாவது பத்திதான் புதையல். அதை அவசரமாகத் தாண்டாதீர்கள். ஒன்றைக் கவனித்திருக்கிறேன்: மக்கள் பெரும்பாலும் வேலையின் தரத்தைப் பற்றிப் புலம்புவதில்லை. அது அவர்களுக்கு முழுதாக மதிப்பிடத் தெரியாத விஷயம். குழாய் சரிசெய்ய வந்தவர் நல்ல முறையில் இணைப்பைப் போட்டாரா என்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது. சொன்ன நேரத்துக்கு வரவில்லை, போன் எடுக்கவில்லை, வேலை முடிந்ததும் தரையை ஈரமாகவே விட்டுவிட்டுப் போனார், கணக்கு எப்படி இவ்வளவு வந்தது என்று விளக்கவில்லை என்பதெல்லாம் தெரியும். இவை எதற்கும் புதுக் கண்டுபிடிப்பு வேண்டாம், பெரிய முதலும் வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் தலையில் எடுத்துப் போட்டுக்கொள்ளாத வேலைகள் இவை.

படிப்பதோடு நிறுத்தாமல் ஐந்து பேரிடம் நேரில் கேளுங்கள். "இந்த வேலைக்குக் கடைசியாக ஒருவரை வைத்தபோது எங்கே எரிச்சல் வந்தது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். "நான் இதைச் செய்தால் வாங்குவீர்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. அந்தப் பதிலை நம்பி இறங்கினால் பிறகு கஷ்டம்.

யாருக்கு என்று முடிவு செய்யுங்கள்

புதியவர்கள் அதிகம் பயப்படும் படி இது. "எல்லோருக்கும் செய்கிறேன்" என்று சொன்னால்தான் வேலை வரும் என்று தோன்றும். வயிற்றுப்பாட்டுக் கவலை இருக்கும்போது ஒரு வேலையையும் தள்ள மனம் வராது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்தப் பயத்தை லேசாக நினைக்க மாட்டேன்.

ஆனாலும் ஒரு பறவைக் கதையைக் கேளுங்கள். ராபர்ட் மெக்ஆர்தர் என்ற சூழலியலாளர் 1958-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கும் ஊசியிலைக் காடுகளில் சிட்டுக்குருவி அளவுகூட இல்லாத வார்ப்ளர் என்ற பறவைகளில் ஐந்து இனங்கள் சேர்ந்து வாழ்ந்தன. உருவம் கிட்டத்தட்ட ஒன்று, உணவும் பூச்சிகள்தான், மரமும் ஒரே வகை. ஒரே உணவுக்குப் போட்டி போடும் இரண்டு இனங்களில் ஒன்று மற்றதைத் துரத்திவிடும் என்பது அன்றைக்கு அறிவியலில் வேரூன்றியிருந்த கருத்து. அப்படியென்றால் இந்த ஐந்தும் எப்படிப் பிழைக்கின்றன? மெக்ஆர்தர் மரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பறவை எந்தப் பகுதியில் எத்தனை நொடி செலவிடுகிறது என்று கணக்கெடுத்தார். விடை தெரிந்தது. ஒன்று உச்சிக் கிளைகளின் வெளி நுனியில் அதிகம் மேய்கிறது, ஒன்று நடுமரத்தின் உட்பகுதியில், இன்னொன்று கீழ்க்கிளைகளிலும் தரையோரத்திலும். மரம் ஒன்றுதான், கிளைதான் வேறு.

உங்கள் கிளை எது என்பதுதான் கேள்வி. "புகைப்படம் எடுக்கிறேன்" என்பது மரம். "கேமராவைக் கண்டாலே கூச்சப்படும் பெரியவர்களை அவர்கள் வீட்டிலேயே, அவசரப்படுத்தாமல் எடுக்கிறேன்" என்பது கிளை. "கணக்கு எழுதித் தருகிறேன்" என்பது மரம். "முதல் வருடத் தொழில்காரர்களுக்கு, கணக்கு என்றாலே பயப்படுகிறவர்களுக்கு, மாதம் ஒருமுறை உட்கார வைத்துப் புரியும்படி சொல்லித் தருகிறேன்" என்பது கிளை. அகல உழுவதைவிட ஆழ உழு என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும். குறுகிய வட்டத்தில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பார்கள். ஒருவரிடம் நன்றாகச் செய்தால் பேச்சு தானாகப் பரவும். அகலமாகத் தூவிய பெயர் அப்படி ஒட்டாது.

கிளையைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்றைப் பாருங்கள். அந்த ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று உங்களால் சுட்டிக்காட்ட முடிய வேண்டும். அவர்களுடைய தொல்லை காசு கொடுத்துத் தீர்த்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். அப்புறம், அவர்களோடு பேசிக்கொண்டிருப்பது உங்களுக்கே பிடிக்க வேண்டும். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிடிக்காத ஆட்களுக்காக வருடக்கணக்கில் கூடுதல் அக்கறை எடுக்க எவராலும் முடியாது. அக்கறை போய்விட்டால் வித்தியாசமும் கூடவே போய்விடும்.

எதை விடப்போகிறீர்கள்?

வித்தியாசம் என்றால் எதையாவது கூட்டுவது என்றுதான் முதலில் நினைப்போம். என் அனுபவத்தில், கூட்டுவதைவிட விடுவதுதான் ஒருவரை வேறாக்குகிறது.

சவுத்வெஸ்ட் என்ற அமெரிக்க விமான நிறுவனம் 1971-இல் மூன்று நகரங்களுக்கு இடையே பறக்கத் தொடங்கியது. அடுத்த வருடமே பணநெருக்கடியால், கையில் இருந்த நான்கு விமானங்களில் ஒன்றை விற்க வேண்டியதாயிற்று. பயண அட்டவணையைக் குறைக்க அவர்களுக்கு மனமில்லை. நான்கு விமானங்களின் வேலையை மூன்று செய்ய ஒரே வழி, தரையில் நிற்கும் நேரத்தைக் குறைப்பது. இறங்கிய விமானத்தைப் பத்து நிமிடத்தில் மறுபடி கிளப்பினார்கள். அதைச் சாத்தியமாக்கியது அவர்கள் விட்டுவிட்ட விஷயங்கள்தான்: சாப்பாடு கிடையாது, இருக்கை எண் கிடையாது, முதல் வகுப்பு கிடையாது. பிறகு பெரிதாக வளர்ந்தபோதும் விமானம் ஒரே வகைதான் என்பதைப் பெரும்பாலும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். ஒரே வகை என்பதால் பழுதுபார்ப்பவருக்கும் விமானிக்கும் ஒரே பயிற்சி போதும். இருக்கை எண் இல்லாததால் வந்தவர் வந்தபடி ஏறி உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு 'கிடையாது'வும் அடுத்ததைத் தாங்கிப் பிடித்தது.

இதைப் பார்த்து கான்டினென்டல் என்ற பெரிய நிறுவனம் 1993-இல் 'லைட்' என்ற பெயரில் அதே மாதிரி ஒரு சேவையைத் தொடங்கியது. ஆனால் தன் பழைய முழுச் சேவையையும் விட மனமில்லை. இரண்டையும் ஒன்றாக ஓட்டப் பார்த்து, தாமதமும் நஷ்டமும் சேர்ந்து 1995-இல் மூடிவிட்டது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். மேல்தோலில் தெரியும் கோடுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் சூடுதான் மிஞ்சும்.

ஆகவே உங்கள் தாளில் "நான் செய்ய மாட்டேன்" என்று ஒரு தலைப்புப் போட்டு மூன்று வரிகளாவது எழுதுங்கள். எழுதும்போது கொஞ்சம் வலிக்க வேண்டும். வலிக்காத வரி எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று அர்த்தம். நான் எழுதிய முதல் வரி: "அவசர வேலை எடுப்பதில்லை." அதனால் நல்ல காசு கைநழுவிப் போனது உண்மை. ஆனால் அந்த நேரத்தில்தான் என்னால் ஒவ்வொரு மொழிபெயர்ப்போடும் ஒரு பக்கக் குறிப்பை இணைக்க முடிந்தது. மூலத்தில் எந்த இடம் தெளிவாக இல்லை, எந்தச் சொல்லுக்கு ஏன் இந்தச் சொல்லைப் போட்டேன், நீங்கள் முடிவு செய்ய வேண்டியது எது என்று. அந்த ஒரு பக்கத்துக்காகவே திரும்பி வந்தவர்கள் உண்டு.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. புதிதாக வருகிறவர்கள் விலையைக் குறைப்பதைத் தங்கள் வித்தியாசமாக வைத்துக்கொள்ள வேண்டாம். செலவைக் குறைக்கும் வழி உங்களிடம் மட்டும் இருந்தால் அது வேறு விஷயம், சவுத்வெஸ்ட் போல. வெறுமனே லாபத்தை விட்டுக்கொடுத்துக் குறைத்தால், நாளைக்கே இன்னொருவர் அதைவிடக் குறைப்பார். அப்படிக் குறைந்த விலைக்காக வந்தவர் அந்த இன்னொருவரிடம் போவார்.

சின்ன ஆள் என்பதை மறைக்காதீர்கள்

ஒருவராக இருந்துகொண்டு "எங்கள் குழு" என்று எழுதுவது, நேற்றுத் தொடங்கியதை மறைப்பது என்று பலர் செய்கிறார்கள். அதில் நேர்மையும் இல்லை, பலனும் இல்லை. 1962-இல் ஏவிஸ் என்ற வாடகைக் கார் நிறுவனம் பல வருட நஷ்டத்தில் இருந்தது. முதலிடத்தில் இருந்த ஹெர்ட்ஸ் எட்ட முடியாத உயரத்தில் இருந்தது. ஏவிஸ் தன் விளம்பரத்தில், நாங்கள் இரண்டாம் இடம்தான், அதனால்தான் இன்னும் கடினமாக உழைக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொன்னது. ஒரு வருடத்துக்குள் லாபத்துக்குத் திரும்பியது. அந்த வாசகத்தை அரை நூற்றாண்டு வைத்திருந்தார்கள். அது வேலை செய்ததற்குக் காரணம் குறையை ஒப்புக்கொண்டது மட்டும் அல்ல. அந்தக் குறையிலிருந்து வாடிக்கையாளருக்கு என்ன நன்மை என்று அடுத்த மூச்சிலேயே சொன்னார்கள்.

உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கும். ஆள் ஒருவர்தான் என்றால், போன் எடுப்பவரும் வேலை செய்பவரும் ஒருவரே. சொன்னதை இன்னொருவருக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. வாடிக்கையாளர் நான்கே பேர் என்றால், நால்வருடைய விவரமும் உங்கள் விரல்நுனியில். புதியவர் என்றால், பழைய வழக்கத்தில் ஊறாமல் "இதை ஏன் இப்படிச் செய்கிறார்கள்?" என்று கேட்க முடியும். இருப்பதைச் சொல்லுங்கள். அந்த நன்மையை உண்மையிலேயே கொடுக்கவும் செய்யுங்கள்.

முடிவில் அக்கறை வையுங்கள்

ஒரே ஒரு இடத்தில்தான் கூடுதல் உழைப்பைப் போட முடியும் என்றால், வேலையின் கடைசிக் கட்டத்தில் போடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

1993-இல் வெளியான ஒரு சோதனை. உளவியலாளர் டேனியல் கானமனும் உடனிருந்த ஆய்வாளர்களும் சிலரை 14 டிகிரி செல்சியஸ் குளிர்நீரில் 60 நொடி கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை, அதே 60 நொடிக்குப் பிறகும் கையை எடுக்காமல் கூடுதலாக 30 நொடி வைக்கச் சொன்னார்கள். அந்தக் கூடுதல் நேரத்தில் நீரின் சூட்டை மெல்ல 15 டிகிரிக்கு ஏற்றினார்கள். அப்போதும் குளிர்தான், ஆனால் கொஞ்சம் குறைவு. பிறகு, மறுபடி ஒருமுறை செய்ய வேண்டும், எதைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்ட நேரச் சோதனையைத் தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வேதனை அதிகம் என்றாலும் முடிவு இதமாக இருந்தது, அதுதான் நினைவில் தங்கியது.

இதைத் தொழிலோடு சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலோர் எல்லா அக்கறையையும் தொடக்கத்தில் கொட்டுகிறார்கள். வேலை கிடைக்கும்வரை இனிமையான பேச்சு, உடனுக்குடன் பதில். காசு கைக்கு வந்ததும் சத்தம் அடங்கிவிடும். அதனால் வாடிக்கையாளரின் நினைவில் தங்குவது அந்த அமைதிதான். நீங்கள் மாற்றிச் செய்யுங்கள். பொருளை ஒப்படைக்கும்போது ஐந்து நிமிடம் உட்கார்ந்து எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டுங்கள். எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று கைப்பட எழுதிக் கொடுங்கள். இரண்டு வாரம் கழித்து, எதையும் விற்கும் எண்ணம் இல்லாமல், "சரியாக இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டு ஒரு செய்தி அனுப்புங்கள். இந்தக் கடைசிச் செய்தி எழுத ஒரு நிமிடம் ஆகும். எனக்கு வரும் புது வேலைகளில் பாதிக்கு மேல் நான் அப்படி விசாரித்தவர்களிடமிருந்தோ அவர்கள் அனுப்பியவர்களிடமிருந்தோ வருகிறது.

தவறு நடந்துவிட்டால்? அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள். என்ன நடந்தது, எப்போது சரியாகும், அதுவரை அவர்கள் என்ன செய்யலாம் என்ற மூன்றும் அந்தச் செய்தியில் இருக்கட்டும். காரணத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்.

ஒன்றை மட்டும் தனித்துக் காட்டுங்கள்

ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1933-இல் காட்டிய ஒரு விஷயம் இது. ஒரே வகையானவற்றின் பட்டியலில் ஒன்றே ஒன்று மட்டும் வேறு வகையாக இருந்தால், அது மற்றவற்றைவிட நன்றாக நினைவில் நிற்கும். சுற்றியிருப்பவை ஒன்றுபோல் இருப்பதால்தான் அந்த ஒன்று தெரிகிறது. நீங்கள் ஏழு சிறப்புகளை அடுக்கினால் ஏழும் சேர்ந்து ஒன்றுபோல் ஆகிவிடும். பெயர்ப்பலகை, அட்டை, பேச்சு எல்லாவற்றிலும் ஒரே சிறப்பு இருக்கட்டும். மற்றதெல்லாம் சாதாரணமாகவே இருக்கலாம். சொல்லிச் சொல்லி உங்களுக்கே அலுத்துப்போகும். அப்போதுதான் மற்றவர் காதில் அது விழவே தொடங்கியிருக்கும்.

கண்ணைப் பறிக்கும் நிறம், வேடிக்கையான பெயர், எதிலும் எடுத்தெறிந்து பேசுவது போன்றவையும் நினைவில் நிற்கத்தான் செய்யும். ஆனால் என்னவாக நினைவில் நிற்கிறோம் என்பதும் முக்கியம் இல்லையா?

வேலை தேடுகிறவர்களுக்கும், வேலையில் இருப்பவர்களுக்கும்

சுயவிவரத்தில் "கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து செயல்படுபவர்" என்று எழுதுவது என் பழைய கடிதம் மாதிரிதான். அதற்குப் பதிலாகச் செய்து காட்டுங்கள். விண்ணப்பிக்கும் நிறுவனத்தின் செயலியையோ, விண்ணப்பப் படிவத்தையோ, சேவையையோ நீங்களே ஒரு வாடிக்கையாளராகப் பயன்படுத்திப் பாருங்கள். எங்கே திணறினீர்கள், எப்படி மாற்றலாம் என்று ஒரே ஒரு பக்கம் எழுதி நேர்காணலுக்கு எடுத்துப் போங்கள். நீங்கள் சொல்லும் தீர்வு தப்பாகவே இருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பக்கத்தை எழுதியவர் என்று உங்களை நினைவில் வைத்திருப்பார்கள்.

இன்னொன்று, இரண்டு திறமைகளைச் சேருங்கள். எந்த ஒரு திறமையிலும் முதல் வரிசைக்கு வர வருடங்கள் பிடிக்கும். ஆனால் சுமாராக நன்றாகத் தெரிந்த இரண்டைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் குறைவு. செவிலியருக்கு நன்றாக எழுத வருமானால், நோயாளிகளுக்கான அறிவுரைத் தாளை எழுத அவரைத்தான் தேடுவார்கள். தச்சருக்குக் கணினியில் வரைபடம் போடத் தெரிந்தால், மரத்தை அறுப்பதற்கு முன்பே அலமாரியை வீட்டுக்காரரின் கண்முன் காட்டிவிடலாம். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும், வேலைக்குச் சம்பந்தமில்லை என்று ஒதுக்கி வைத்த திறமை எது என்று யோசித்துப் பாருங்கள்.

அலுவலகத்திலும் உறவுகளிலும் ஒருவரைத் தனியாகக் காட்டுவது பெரும்பாலும் பளிச்சென்ற விஷயம் எதுவும் இல்லை. "வியாழக்கிழமை தருகிறேன்" என்று சொல்லிவிட்டு வியாழக்கிழமை தருகிறவர். தாமதமாகும் என்றால் புதன்கிழமையே சொல்லிவிடுகிறவர். கூட்டம் முடிந்ததும் யார் எதைச் செய்ய வேண்டும் என்று நான்கு வரி எழுதி எல்லோருக்கும் அனுப்புகிறவர். நாம் போன தடவை சொன்ன கஷ்டத்தை ஞாபகம் வைத்திருந்து, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கிறவர். உங்களுக்குத் தெரிந்தவர்களில் இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல்களுக்குள் முடிந்துவிடும். அந்த வரிசையில் நிற்க யாரையும் முந்த வேண்டியதில்லை.

சின்னதாகச் செய்து பாருங்கள்

பெயர்ப்பலகை மாற்றுவதற்கு முன், வேலையை விடுவதற்கு முன், மூன்று பேரிடம் உங்கள் வித்தியாசத்தைச் சோதியுங்கள். இலவசமாகக் கொடுக்காதீர்கள். இலவசத்தைப் பாராட்டுவார்கள், ஆனால் அது தேவையா என்பது தெரியாது. காசு வாங்கிச் செய்யுங்கள். முடிந்த பிறகு அவர்கள் மறுபடி வருகிறார்களா, இன்னொருவரிடம் சொல்கிறார்களா என்று இரண்டு மாதம் பாருங்கள். "ரொம்ப நன்றாக இருந்தது" என்ற வார்த்தையை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டாம். மூவரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை என்றால் கிளை தப்பாக இருக்கலாம். மரத்தை விட்டுப் போக அவசரப்படாமல் பக்கத்துக் கிளையைப் பாருங்கள்.

காப்பியடிப்பார்கள்

நீங்கள் செய்வது பலித்தால் மற்றவர்களும் செய்வார்கள். இதை எதிர்பார்த்தே தொடங்குங்கள்.

அமெரிக்க உயரம் தாண்டும் வீரர் டிக் ஃபாஸ்பரி பள்ளியில் தாண்டும்போது அன்றைய வழக்கப்படி, குப்புறக் கம்பியைத் தாண்டும் முறையில், சுமாரான ஆட்டக்காரர்தான். அது அவருக்குக் கைவரவே இல்லை. ஒரு காலையடுத்து இன்னொரு காலாகக் கம்பியைத் தாண்டும் பழைய கத்தரி முறைக்குத் திரும்பி, கொஞ்சம் கொஞ்சமாக உடம்பைச் சாய்த்துச் சாய்த்து, முதுகு கீழே இருக்க மல்லாந்து தாண்டும் முறைக்கு வந்து சேர்ந்தார். மணலுக்கும் மரத்தூளுக்கும் பதிலாக மெத்தைகள் வந்த காலம் அது. முதுகில் விழுந்தாலும் அடிபடாது. அந்த மாற்றத்தை அவர் முறை பயன்படுத்திக்கொண்டது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். நான்கு வருடம் கழித்து, 1972 ஒலிம்பிக்கில் அவருடைய முறையில் தாண்டியவர்கள் நிறையப் பேர். ஃபாஸ்பரி அந்த அணிக்கே தேர்வாகவில்லை. இன்று உலகத் தரத்தில் உயரம் தாண்டுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் அவர் வழியில்தான் தாண்டுகிறார்கள்.

முறையை யாரும் எடுத்துக்கொள்ளலாம். நான்கு வருடத்தில் களத்தில் நிறையப் பேர் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொள்ள முடியாதவை வேறு: நான்கு வருடமாக உங்களிடம் வந்துபோனவர்களின் பழக்கம், அவர்களைப் பற்றி நீங்கள் எழுதி வைத்திருக்கும் குறிப்புகள், நீங்கள் தவறு செய்தபோது எப்படி நடந்துகொண்டீர்கள் என்ற அவர்களுடைய ஞாபகம். ஆகவே உத்தியைப் பூட்டி வைப்பதில் நேரத்தை வீணாக்காமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த மூன்று பத்தித் தாளை மறுபடி எடுங்கள். உங்கள் வித்தியாசம் இப்போது முதல் பத்திக்கு, எல்லோரும் சொல்வதற்கு, வந்துவிட்டதா என்று பாருங்கள். வந்திருந்தால் இரண்டாவது பத்தியில் புதிதாக ஒரு குறை முளைத்திருக்கும். அங்கிருந்து மறுபடி தொடங்கலாம். என்னுடைய ஒரு பக்கக் குறிப்பை இப்போது பலர் இணைக்கிறார்கள். நான் இப்போது, வேலை தொடங்கும் முன்பே வாடிக்கையாளரோடு பதினைந்து நிமிடம் பேசிச் சொற்களை முடிவு செய்துகொள்கிறேன்.

ஆரம்பத்தில் எழுதிய அந்த ஒரு வரித் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். மூன்று மாதம் கழித்து, உங்களிடம் வந்த ஒருவர் உங்களை இன்னொருவருக்கு அறிமுகப்படுத்தும்போது பக்கத்தில் இருக்க நேர்ந்தால், அவர் என்ன சொல்கிறார் என்று காது கொடுத்துக் கேளுங்கள். என்னை ஒருவர் "புரியாததைப் புரியவில்லை என்று சொல்கிற மொழிபெயர்ப்பாளர்" என்று அறிமுகப்படுத்தினார். நான் உட்கார்ந்து யோசித்து எழுதிய எந்த வரியையும்விட அது சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் என் வரியை அடித்துவிட்டு அவருடையதை எழுதிக்கொண்டேன்.